கழற்ற வராத பிளக்

மகள் விழுந்த சத்தம் அடுக்களைக்குக் கேட்கவில்லை. அதற்கு முன்னால் 'டப்' என்று வெடித்ததுதான் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், வண்டிக்குப் பின்னால் மல்லாந்து கிடக்கிறாள். கையில் தடித்த கறுப்பு வயர், அதன் நுனியில் நீலப் பிளக். "ஒண்ணும் இல்லம்மா" என்று சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். மூன்று மாதம் ஆகிறது. இன்றைக்கும் யாராவது சுவரிலிருந்து ஒரு பிளக்கை உருவினால் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் கல்ஃபில் வாகனப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். வந்ததும் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு கட்டில், ஓர் அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ், ஃபேன் எல்லாம் வைத்து ஓடுகிற வீடாக்கினார். தெருவில் அதைப் 'பொம்மை வீடு' என்பார்கள். வீட்டில் நிற்கும்போது அதற்குக் கரண்ட் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளிருக்கும் பேட்டரி இறங்கிவிடும். அதற்காகச் சுவரிலிருந்து ஒரு நீள வயர் வந்து வண்டியின் பின்பக்க சாக்கெட்டில் சேரும். அந்தப் பிளக் கைக்கு அடங்காத தடிமன். மழைத்தண்ணீர் போகாமலிருக்க சாக்கெட்டுக்குள் ஒரு ரப்பர் வளையம் உண்டு.

மாட்டிய நாளிலிருந்தே அது இறுக்கம்தான். கணவர் ஒரு கையால் உருவுவார். மகளுக்கு இரண்டு கையும் வேண்டும். கம்ப்யூட்டர் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவள் அவள். என் பள்ளிக்கூடத்து அரைப் பரீட்சை விடுமுறை முடிகிற சமயத்தில், இரண்டு தோழிகளோடு வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு கேரளத்து மலையூரான வாகமண் வரை போவதாக ஏற்பாடு. ஒரு வருஷமாக அவர்களுக்கு அதே பேச்சு. விழுந்தது, புறப்பட ஒன்பது நாள் இருக்கும்போது.

அன்று சாயங்காலம் கணவர் விசாரித்தார்.

"சுவிட்ச ஆஃப் பண்ணாமலா உருவின?"

"மறந்துட்டேம்ப்பா."

"வயரப் பிடிச்சு இழுத்தியா?"

"பிளக்கப் பிடிச்சா வந்தாத்தானே! பம்பர்ல கால ஊணிட்டு இழுத்தேன். முன்னாடி இவ்வளவு மோசமில்ல. அதுலயும் காலையில அசையவே மாட்டேங்கு."

அவர் பிளக்கைத் திருப்பிப் பார்த்தார். "கம்பி கருத்துக் கெடக்கு. சூடாயிருக்கு. இத சரியாக்குறது வரைக்கும் வண்டி எங்கயும் போவாது."

"அதுதான் நல்லது" என்றேன் நான். மகள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

இனிச் சொல்லப்போவதை அன்றைக்கே அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். ஐப்பசி மழையின்போது, அவள் அந்தப் பிளக்கோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டில் கதவுத் தாழ்ப்பாள் இறுகினாலும், கத்தரிக்கோல் இறுகினாலும், குடை மடங்காவிட்டாலும் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய்தான். சுவிட்சை அணைத்துவிட்டு, கோழியிறகால் சாக்கெட்டுக்குள்ளும் வளையத்திலும் எண்ணெய் தடவினேன். அடுத்த நாள் வழுக்கிக்கொண்டு வந்தது. அதனால் வெள்ளிக்கிழமைதோறும், தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு அதற்கும் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் எடுக்கிற பாடம் அறிவியல்.

வெட்கம் ஒரு காரணம். இன்னொன்று, பயணம் நின்றால் எனக்கு நிம்மதி. மலைப்பாதை, மூன்று பெண் பிள்ளைகள், என்று கணக்கில்லாமல் யோசித்து வைத்திருந்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தாலே அது தானாக நின்றுவிடும் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் வயரிங்காரர் வந்தார். கடற்கரை ஊர்க்காரர், கோயில் திருவிழாக்களுக்கு லைட் போடுகிறவர். சாக்கெட்டின் மூடியைத் திறந்ததும் மூக்கைப் பொத்தினார்.

"டீச்சரே, இது சாக்கெட்டா, சாள மீன் பொரிச்ச சட்டியா?"

கணவர் குனிந்து முகர்ந்தார். "தேங்காயெண்ண!"

"பின்ன? ரப்பர் எண்ணயக் குடிச்சு வீங்கிப் போச்சு, பாருங்கோ. அதான் பிளக்க விடமாட்டேங்கு. மார்கழிக் குளிருல எண்ணயும் உறைஞ்சிருக்கும். அதுல தூசி ஒட்டி, கம்பி சூடாயி, கரியும் பிடிச்சிருக்கு. யாரு செஞ்ச வேல இது?"

"நான் இல்லப்பா" என்றாள் மகள்.

கணவரின் முகம் மாறிவிட்டது. "ஒங்கம்ம வண்டிப் பக்கமே வாறதில்ல. வெளியாளு எவனோ நம்ம வண்டியில கை வச்சிருக்கான். சக்கரத்துல, பிரேக்ல என்ன செஞ்சு வச்சிருக்கானோ? இனி இத நம்பி ஒன்ன அனுப்ப முடியாது மக்ளே. பயணம் வேண்டாம்."

அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். "செரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோழிகளுக்குச் சொல்லப் போனை எடுத்தாள். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"வெளியாளு யாரும் இல்ல. நான்தான்" என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள். வயரிங்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "சயின்ஸ் டீச்சர்தானே நீங்க?"

மகள் சிரித்துச் சிரித்து முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "எம்மா! தலைக்கு வைக்கியதப் பிளக்குக்கும் வச்சியா? சிக்கெடுத்துப் பின்னல் போடல்லியா?"

"கொள்ளாம், நல்லாருக்கு. வீட்டுக்குள்ள எனக்கும் மேல ஒரு மெக்கானிக்" என்றார் கணவர்.

சிரிப்பு அடங்கிய பிறகு அவளிடம் மட்டும் மற்றதையும் சொன்னேன்: பயணம் நின்றுபோகும் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்ததை. அவள் என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அவ்வளவு பேடியாம்மா?"

"பேடிதான் மக்ளே. அந்த மலைய நெனச்சாலே பயம்."

"விழுந்தப்போ நானும் பேடிச்சுட்டேன். ஒன்ட்ட சொன்னா போக விடமாட்டியேன்னுதான் சிரிச்சேன்."

கோட்டாற்றுக் கடைவீதியில் புதுப் பிளக்கும் வளையமும் கிடைத்தன. வயரிங்காரர் சாக்கெட்டை அதற்கென்று இருக்கிற ஸ்ப்ரே அடித்துத் துடைத்தார். வளையத்தில் மட்டும் சிலிக்கான் கிரீஸை விரலால் மெல்லிசாகத் தடவி, கம்பிகளில் படாமல் மாட்டினார். எப்படிக் கழற்றுவது என்பதை என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். முதலில் வண்டிக்குள் ஓடுகிறதையெல்லாம் நிறுத்த வேண்டும். பிறகு சுவர் சுவிட்ச். வயரைத் தொடாமல் பிளக்கின் உடம்பைப் பிடித்து, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் லேசாக அசைத்து, நேராக உருவ வேண்டும். நான் நான்கு முறை செய்துபார்த்தேன். நான்கு முறையும் ஒரே கையில் வந்தது.

கணவர் ஒரு நாள் முழுக்க பிரேக்கையும் டயரையும் பார்த்து முடித்தார். சொன்ன நாளிலேயே மூன்று பேரும் கிளம்பினார்கள். முதல் நாள் திற்பரப்பு அருவியில் குளியல், அதற்குப் பிறகு மலை. குளத்தங்கரை வளைவில் வண்டி மறைகிற வரை வாசலில் நின்றேன். போனைக் கட்டில்மேல் போட்டுவிட்டு, விடைத்தாள் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டு தாள் திருத்தியிருப்பேன், போன் அடித்தது.

"எம்மா, திருவட்டாறு வந்தாச்சு. இன்னும் ஒரு தடவகூட நீ கூப்பிடல்லியே. ஒடம்புக்கு என்ன செய்யிது?"

"ஒண்ணும் செய்யல்ல. ரோட்டப் பாத்து ஓட்டு."

"வண்டி நிக்கிது. டீ குடிக்கியோம்."

"அப்ப டீயக் குடி" என்று சொல்லிவிட்டு, ஒன்பதாவது தாளை எடுத்தேன்.