தோளில் பட்ட பால்

2007-இல் சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் விரிவுரையாளர் பணிக்கு நேர்முகத் தேர்வு. இடம் ஒன்றுதான். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் பண்ருட்டியிலிருந்து கைக்குழந்தையோடு போயிருந்தேன். என்னை உள்ளே கூப்பிட்டதும் மகன் வீறிட்டு அழுதான். அதே வேலைக்கு வந்திருந்த குறிஞ்சிப்பாடிப் பெண் கை நீட்டினாள்.

"குடுங்கக்கா, நான் பாத்துக்கறேன். பதட்டப்படாம பதில் சொல்லுங்க."

திரும்பி வந்தபோது அவள் தோளில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். புடவையில் அவன் கக்கிய பால். அடுத்தது அவள் முறை. பதறிப்போய் என் முந்தானையால் துடைத்தேன்.

"வுடுங்கக்கா, புள்ள முழிச்சிக்கப் போவுது."

அவனை என்னிடம் கொடுத்துவிட்டு அந்தக் கறையோடே உள்ளே போனாள்.

வேலை எனக்குக் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் என் படிப்பை மெச்சினார்கள். அன்று அவன் என் தோளில் கக்கியிருந்தால் யாருக்குக் கிடைத்திருக்கும் என்று நான் மட்டும் இன்னும் யோசிக்கிறேன்.