கிளி வேண்டாம், கப்பல் வேணும்

ராயபுரத்தில் எத்திராஜ் என்று ஒரு ஆள் இருந்தான். மரக்கட்டையில் படம் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அச்சுப் போட்டுக் கொடுப்பான். எல்லாம் கடைக்காரர்கள் ஒட்டுகிற லேபிள். குடி கிடையாது, கூத்து கிடையாது. ஆனால் அவனோடு குடித்தனம் பண்ணின கன்னியம்மாவைக் கேட்டால், குடிகாரனே தேவலை என்பாள்.

எல்லாம் அந்தக் கிளியால் வந்தது. அவன் அப்பன் கற்றுக்கொடுத்த கிளி. டீத்தூளுக்கும் கிளி, ஊதுவத்திக்கும் கிளி, மூக்குப்பொடிக்கும் அதே கிளி. வேறு எது கேட்டாலும் உளியைக் கீழே வைத்துவிடுவான். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டி ஓடினபோது, வாசலில் உட்கார்ந்து நிதானமாகப் பல் விளக்கின ஆள் அவன். அவனுக்குப் புதுப் படம் என்றால் மட்டும் அத்தனை பயம்.

யுத்தம் முடிந்த கையோடு, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கற்கண்டு விற்ற ஆறுமுகநயினார் ஒருநாள் வந்து நின்றார்.

"கிளி வேண்டாம்வே. கண்ட பயலும் கிளி வச்சிருக்கான். என் பெட்டிக்குக் கப்பல் வேணும்."

பொங்கலுக்குள் தராவிட்டால் மிஷின் அச்சுக்காரனிடம் போய்விடுவேன் என்றும் சொன்னார். மற்றவர்கள் ஒவ்வொருவராக அங்கேதான் போய்க்கொண்டிருந்தார்கள். நயினாரும் போனால், எத்திராஜ் உளியைக் கட்டி வைத்துவிட்டு ஹார்பரில் மூட்டை தூக்கவேண்டியதுதான்.

பலகை இல்லையா? இருந்தது. பழைய கப்பலில் கழித்த தேக்குப் பலகை, கண்ணாடி மாதிரி இழைத்து, வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்திருந்தான். நல்ல படம் வரட்டும் என்று வருஷக்கணக்காக வைத்திருந்தான். இப்போது படமும் வந்தாயிற்று. ஐயா என்ன செய்தார்? தினம் ஹார்பருக்குப் போய்க் கப்பலைப் பார்த்துவிட்டு வந்தார். காகிதத்தில் வரைவார், கிழிப்பார், மறுபடி போவார்.

"கப்பல் பாக்கப் போறியா, கப்பலேறப் போறியாய்யா?" என்றாள் கன்னியம்மா.

"மரம்மே அது. ஒரு கோடு தப்பினாலும் அழிக்க முடியாது."

இதையே மார்கழி பூரா கேட்டாள். போகிக்கு முன்னால் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. அவன் கப்பல் பார்க்கப் போயிருந்த நேரம், பரணிலிருந்து பலகையை இறக்கி, அதன் மேல் கருவாட்டுத் தலையை வைத்துக் கத்தியால் போட ஆரம்பித்தாள். ஒரு கூடைக் கருவாடும் முடிகிற வரைக்கும் நிறுத்தவில்லை.

வந்து பார்த்தான். பலகையைத் துடைத்து மை தடவினான். அவள் பண்ணின லட்சணத்தை அவளுக்கே காட்டவேண்டுமாம். காகிதத்தை வைத்துக் கரண்டி முதுகால் தேய்த்து எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

கறுப்பில் வெள்ளை வெள்ளையாகக் கத்தி வெட்டு. நடுவில் நெருக்கமாக, ஓரத்தில் சாய்ந்து சாய்ந்து. கன்னியம்மா நெட்டுக்குப்பத்து மீனவப் பெண். இந்தத் தண்ணியைப் பிறந்ததிலிருந்து பார்த்தவள்.

"வாடைக்காத்துல கடல் இப்பிடித்தான் கீது," என்றாள்.

அவன் காகிதத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். அப்புறம், "அதான் கெட்டுப்போச்சே, இனிமே இன்னா," என்று முனகிக்கொண்டே உளியை எடுத்தான். வெட்டு விழாத ஒரு மூலையில் கப்பலைச் செதுக்கினான். முடிகிற வரைக்கும் உளியைக் கீழே வைக்கவே இல்லை.

நயினார் வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கடல் பிரமாதம். கப்பல்தான் மூக்கு வளைஞ்சு கிளி கணக்கா இருக்கு. போகட்டும்வே, அச்சுப் போட்டுக் குடும்."

இனியாவது கன்னியம்மா நிம்மதியாக இருந்தாளா என்றால், எங்கே! பயம் விட்டுப்போனதும் அவன் வீட்டில் ஒரு சாமானையும் அச்சு எடுக்காமல் விட்டு வைக்கவில்லை. பனையோலை விசிறிக்கு மை, மீன் செதிலுக்கு மை. முறுக்கு அச்சுக்கும் மை தடவி, பொங்கலுக்குக் கறுப்பு முறுக்குத் தின்னவேண்டியதாயிற்று. கடைசியில் அவள் தேங்காய்த் துருவியை அந்தப் பழைய வேட்டியிலேயே சுற்றி, பலகை இருந்த அதே பரணில் ஒளித்து வைத்தாள். அன்றைக்குச் சாயங்காலமே அவன் அதைத் தேடிக்கொண்டிருந்தான்.