ஆறு வண்டிக்கும் நாற்பத்திரண்டு பேர்

காலை ஐந்தே கால் மணிக்கு வேன் டிரைவர் தனராஜ் அண்ணன் போன் செய்தார்.

"இன்னா நைனா, ஆறு வண்டியும் பூந்தமல்லில வந்து நின்னுகினு கீது. என் சார்ட்ல நாப்பத்திரெண்டு பேர் போட்டுக்கீற. வண்டில சீட்டே பன்னெண்டுதான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கில் நான் சேர்ந்த இரண்டாம் மாதம் அது. முதல் ஷிப்டு ஆட்கள் நாற்பத்திரண்டு பேரை ஆறு வேனில், வேனுக்கு ஏழு பேராகப் பிரிக்க வேண்டும். கையால் எழுதி அலுத்துப்போய் கம்ப்யூட்டரில், பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதினேன். ஆறு லிஸ்டும் சம நீளமா என்று அதனிடமே கேட்டேன். 'ட்ரூ', ஆமாம், என்றது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, முந்தின மாலையே சார்ட்டை அனுப்பிவிட்டேன்.

"முடிஞ்சவங்கள ஏத்திட்டு வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். ஒவ்வொரு வண்டியிலும் நாற்பத்திரண்டு. சமம்தான். ஆனால் ஏழு எங்கே போனது? பெயர்களை வரிசையாக வண்டிகளில் போடும் வரியைப் பத்துத் தடவை படித்தேன். அது சரியாகவே இருந்தது.

அதற்குள் டிரெய்னி ரேவதி மேனாம்பேட்டிலிருந்து அழைத்தாள். "சார், வண்டி வரல. இன்னொரு லேட் விழுந்தா டிரெய்னிங்க நிறுத்திடுவாங்க."

"உன் பேர் இருக்கேம்மா" என்றேன். ஆறு சார்ட்டிலும் இருந்தது. மேனாம்பேட்டை வேறு வண்டி பார்த்துக்கொள்ளும் என்று ஆறு டிரைவர்களும் நினைத்திருக்கிறார்கள். ஆறு மணி ஷிப்டுக்கு ஷேர் ஆட்டோ பிடித்து அவள் வந்து சேர்ந்தபோது மணி ஆறு நாற்பது.

தப்பு முதல் வரியிலேயே இருந்தது. [[]] * 6 என்று காலி லிஸ்டை ஆறால் பெருக்கியிருந்தேன். கிடைத்தது ஆறு லிஸ்ட் இல்லை, ஒரே லிஸ்டுக்கு ஆறு பெயர். ஒரு வண்டியில் போட்ட ஆள் எல்லா வண்டியிலும் விழுந்திருக்கிறார். ஆறு வண்டியும் பூந்தமல்லியில் போய் நின்றதும் அதனால்தான்.

மெட்ரோ வேலை, டிராபிக் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை அது. சூப்பர்வைசரிடம் போய் என் தப்பு என்றேன்.

"சமமா பிரிச்சாச்சுன்னு நீதானய்யா சொன்ன?"

"சமமாத்தான் சார் இருந்துச்சு. பிரியவே இல்ல."

ஏற இறங்கப் பார்த்தார். ரிஜிஸ்டரில் ரேவதியின் லேட்டை அடித்து நீக்கிவிட்டு, என் பெயருக்கு ஒரு மெமோ எழுதினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில்.

இப்போதெல்லாம் சமமா என்று நான் முதலில் கேட்பதில்லை. ஒவ்வொரு பெயரும் ஒரே ஒரு வண்டியில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். அன்று புரொடக்ஷன் லைனுக்கு வேலைக்குப் போகும்போது ரேவதி சொல்லிவிட்டுப் போனது இன்னும் காதில் இருக்கிறது.

"ஆறு வண்டிலயும் என் பேர் வந்துச்சு சார். நான்தான் வரல."