சித்தியின் டியூப்

எங்கள் நாயின் காது நாற ஆரம்பித்தபோது வீட்டில் யாருக்கும் அதைக் கவனிக்கத் தெம்பில்லை. உப்பு வாரும் மாதங்கள் அவை. விடியுமுன் உப்பளத்துக்குப் போகும் அப்பாவும் அம்மாவும் வெயில் ஏறியதும் திரும்பி வந்து, பேசக்கூட முடியாமல் படுத்துவிடுவார்கள். நாயோ காதைச் சொறியும், வயிற்றைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். அந்தச் சத்தத்தில் தூக்கம் கெட்ட அப்பா ஒருநாள், "இத கூனிமேடு பக்கம் எங்கியாவது விட்டுட்டு வந்துடப் போறேன்" என்றார்.

நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். பயந்துபோய் சித்தியின் டியூபை எடுத்தேன்.

அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடுதான் இருந்தாள். மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும் அவளை உப்பளத்துக்கு அனுப்புவதை நிறுத்தியிருந்தார்கள். வெயிலில் கறுத்த முகம் வெளுக்க மெடிக்கலில் யாரோ சொல்லி அவள் வாங்கிய டியூப் அது. தினமும் பூசிக்கொள்வாள். முகமும் வெளுத்துத்தான் இருந்தது. மனுஷி முகத்துக்கே ஆகிறது நாய்க்கு ஆகாதா என்று, புண்ணில் தடவி, காதுக்குள்ளும் பிதுக்கிவிட்டேன்.

இரண்டே நாளில் அரிப்பு நின்றது. அப்பா நிம்மதியாகத் தூங்கினார். வீட்டில் என்னை டாக்டரம்மா என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெருமையில் பள்ளிக்குப் போகுமுன், வந்தபின், படுக்குமுன் என்று மூன்று வேளையும் பூசினேன். நாய் நக்கித் தின்றுவிடும். நக்கிய இடத்தில் இன்னும் கொஞ்சம் வைப்பேன். தீரத் தீரச் சித்தி வேறு டியூப் வாங்கி வந்தாள்.

இரண்டு மாதத்தில் நாய் வேறு நாயாகிவிட்டது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தது. வீட்டுக்குள்ளேயே மூத்திரம் பெய்தது. வயிறு தொங்கி, தோல் மெலிந்து உள்ளே நரம்பு தெரிந்தது. ஒருநாள் தலையைச் சாய்த்தபடியே நடந்து சுவரில் இடித்துக்கொண்டது. நானும் சித்தியும் அதை மாட்டாஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போனோம். வழியில் இருந்த குழாயடி ஒவ்வொன்றிலும் படுத்துக்கொண்டது.

காலையிலிருந்து மாடு ஆடுகளைப் பார்த்துக் களைத்திருந்தார் டாக்டர். டியூபை வாங்கிப் படித்தவர் என்னைத் திட்டக்கூட இல்லை.

"இதுல ஸ்டீராய்டு இருக்குதும்மா. அரிப்ப அடக்கிடும், உள்ள இருக்கிற சீழ அடக்காது. காதுக்குள்ள சவ்வு கிழிஞ்சிருக்குதான்னு பாக்காம எதையும் ஊத்தவே கூடாது."

காதைச் சுத்தம் செய்து, விளக்கடித்துப் பார்த்து, வேறு சொட்டு மருந்து எழுதினார். பூச்சையும் ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் தோல் சிவந்து எரியும் என்றார். கையுறை போட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாகத் தேய்க்க வேண்டும். காயும்வரை நக்கவிடக் கூடாது. முதலில் தினம் ஒரு வேளை, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்து, அவர் சொல்லும்போது நிறுத்த வேண்டும்.

பிறகு சித்தியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நீயும் இதைத்தான் போடுறியா?"

"இல்லீங்க" என்றாள் சித்தி. நான் வாயைத் திறந்தேன். சித்தி என் கையை அழுத்திப் பிடித்தாள்.

"போட்டா நாளைக்கே தோல் டாக்டரப் போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆட்டைக் கூப்பிட்டார்.

வீடு திரும்பியதும் சித்தி தன்னிடமிருந்த புது டியூபை உப்பளத்து வாய்க்காலில் வீசிவிட்டாள். நாய்க்கு நான் பழைய டியூபில் மிச்சமிருந்ததை வைத்து, ஒரு நாள் தவறாமல் டாக்டர் சொன்னபடியே செய்தேன். மெல்ல மெல்ல முடி முளைத்தது. கூப்பிட்டால் தலையை நேராகத் தூக்கிப் பார்த்தது.

சித்தி டியூபை வீசிய அந்த வாரக் கடைசியிலேயே பெருமுக்கல் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். உள்ளே சித்தி கண்ணாடி முன் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்கச் செக்கச்செவேலென்று தகதகத்தது. பவுடர் ஒட்டாமல் உதிர்ந்தது.

"எப்படிடி இருக்குது?" என்று கேட்டாள்.

பெண் பார்க்க வந்தால் வெட்கத்தில் முகம் சிவக்கும் என்று பெரியவர்கள் பேசிக் கேட்டிருந்தேன். அதனால் முழு மனசோடு, "ரொம்ப அழகா இருக்குது சித்தி" என்றேன்.