பதினைந்து வரைக்கும் பச்சை

தோசை வர எவ்வளவு நேரம் ஆனது என்று சூசைநாதன் கைப்பேசியில் தட்டுகிறார். தட்டிய கட்டம் உடனே சிவக்கிறது. "பாத்தீங்களா, இந்தக் கடை போன வாரமும் செவப்பு," என்று திரையை என் பக்கம் திருப்புகிறார். அதற்காகக் கடையை மாற்றுகிறவர் இல்லை. தோசை நன்றாக இருக்கிறது. அவருக்கு நிறம் தெரிந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் சிங்கப்பூரின் தேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடைகளில் ஒரு மேசையைப் பிடித்து உட்காருவது எங்கள் இருவருக்கும் பழகிப்போன ஒன்று. அவர் அறுபதைத் தாண்டியவர். சாங்கி பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில், எந்த லாரி எப்போது கிளம்ப வேண்டும் என்று திட்டமிடுகிற வேலை. எக்செல் அட்டவணையில் ஒரு விதியை எழுதி வைத்துவிட்டால், தாமதமான லாரியின் எண் தானாகச் சிவப்பாகும், நேரத்துக்குப் போனது பச்சையாகும். அலுவலகப் பயிற்சி வகுப்பில் கற்ற இந்த வித்தையைப் பாசிர் ரிஸில் உள்ள தன் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஏர்கான் ஓடிய நேரம், பேருந்துக்குக் காத்திருந்த நேரம், ஃபாதர் பிரசங்கம் வைத்த நேரம் எல்லாவற்றுக்கும் நிறம் உண்டு. "என் பேர இன்னும் எந்தக் கட்டத்துலயும் போடல. அது வரைக்கும் நிம்மதி," என்பார் அவர் மனைவி பெட்டி. இத்தனை நிறம் பார்க்கிற மனிதர் உடுத்துவது வெள்ளைச் சட்டை மட்டும். நிறம் பொருந்த உடுத்தத் தனக்குத் தெரியாது என்று அவரே சொல்லிக்கொள்வார்.

சர்க்கரை வந்தபோது அவர் பயந்ததாகத் தெரியவில்லை. புதிதாக ஓர் அட்டவணை கிடைத்த உற்சாகம்தான் முகத்தில் இருந்தது. காலையில் விரலைக் குத்தி எண்ணைப் பதிவார். ஊர்க் கணக்கில் நூற்றிருபத்தைந்து சொச்சம் வரும் ஏழு வரை பச்சை, பத்து வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. ஈசூனில் இருக்கும் மகள் ஜெனிவீவ் தன் கைப்பேசியிலும் அதைப் பார்க்கும்படி செய்து கொடுத்தார். அவள் வேலைக்குப் போகும் ரயிலில் ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள்.

கிறிஸ்துமஸ் வந்தது. கேக்கும் முறுக்கும் பிரியாணியுமாக அந்த வாரம் முழுக்கச் சிவந்தது. ஜெனிவீவ் தினமும் கூப்பிட்டாள். என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு சாப்பிட்டீர்கள், நடந்தீர்களா என்று கேள்விகள். அந்தக் கேள்விகளிலிருந்து தப்பிக்க சூசைநாதன் அட்டவணையின் விதியைத் திறந்து, ஏழு இருந்த இடத்தில் பன்னிரண்டு என்று போட்டார். மாதம் முழுவதும் ஒரே நொடியில் பச்சையானது. பிறகு அதுவும் போதாமல் பதினைந்து ஆக்கினார்.

"நம்பர மாத்தல. அது பொய். ரூலத்தான் மாத்துனேன். அது மேனேஜ்மென்ட்," என்று இதைச் சொல்லும்போது அவரே முதலில் சிரிப்பார்.

மகளின் அழைப்புகள் நின்றன. சிரிப்பதற்கில்லாத விஷயம் அதற்குப் பிறகு நடந்தது. அந்தப் பச்சையை அவரே நம்பத் தொடங்கினார். பாலும் சீனியும் இல்லாத தேநீரான தே ஓ கோசோங்கை விட்டு, பால் சர்க்கரை எல்லாம் போட்ட தே தாரிக்குக்குத் திரும்பினார். பரோட்டாவுக்குக் குழம்போடு சீனியும் தொட்டுக்கொண்டார். பச்சையாக இருக்கும்போது பயம் எதற்கு என்று என்னையே கேட்டார். நானும் தலையாட்டினேன்.

புதுக் காலணி கடித்து இடது பாதத்தில் ஒரு கொப்புளம் வந்தது. வலிக்காததால் அவர் பொருட்படுத்தவில்லை. வலிக்காததுதான் நோய் என்பது அவருக்குத் தெரியவில்லை. காய்ச்சல் கண்டு மருத்துவமனைக்குப் போனபோது சுண்டுவிரல் கறுத்திருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்றார்கள்.

அப்பாவின் சர்க்கரை கட்டுப்பாட்டில்தானே இருக்கிறது என்று ஜெனிவீவ் மருத்துவரிடம் வாதாடினாள். கைப்பேசியைத் திறந்து பச்சைக் கட்டங்களை வரிசையாகக் காட்டினாள். மருத்துவர் நிறத்தைப் பார்க்கவில்லை, உள்ளே இருந்த எண்களைப் படித்தார். பதிமூன்றும் பதினான்கும் பச்சை என்று யார் சொன்னது என்று அமைதியாகக் கேட்டார். சூசைநாதன் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, கட்டிலில் இருந்தபடியே ஒப்புக்கொண்டார்.

மகள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கட்டங்களை ஒவ்வொன்றாகத் தட்டி எண்களைப் படித்தாள். "நான் நம்பரப் பாக்கவே இல்லப்பா. கலரத்தான் பாத்தேன்," என்றாள்.

கதை சொல்லும்போது இந்த இடத்துக்கு வந்தால் மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். உடனே சமாளித்துக்கொண்டு, "ஒரு ரூல மாத்துனேன், ஒரு வெரல் போச்சு. இன்னும் ஒம்போது ரூல் மாத்தலாம் லா," என்பார். கேட்பவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தட்டைப் பார்ப்பார்கள்.

என் ரத்த அழுத்தத்துக்கும் இதேபோல் ஓர் அட்டவணை செய்து கொடுத்தவர் அவர்தான். எல்லாம் எப்போதும் பச்சையாக இருப்பதில் எனக்குப் பெருமை. விரல் கதையை முதன்முதலில் கேட்ட அன்று வீட்டுக்குப் போய், எல்லை எவ்வளவு என்று திறந்து பார்த்தேன். மறுநாளே மருத்துவரிடம் போனேன்.

இப்போது சர்க்கரை அட்டவணையில் நிறமே இல்லை. ஜெனிவீவ் எல்லா விதிகளையும் அழித்துவிட்டாள். வெள்ளையில் கறுப்பு எண்கள் மட்டும். அது போதாதென்று, தினமும் எண்ணைத் தன் வாயால் அவளிடம் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. லாரிகளுக்கும் தோசைக்கும் நிறம் போட அவருக்கு இன்னும் அனுமதி இருக்கிறது.

போன ஞாயிறு, தோசையை முடித்துக் கை கழுவி வந்து அவளைக் கூப்பிட்டார். பூசைக்குப் போகும் அவசரத்தில் காலையில் கூப்பிடவில்லையாம். முந்தின நாள் பேரன் கேலபின் பிறந்தநாள், கேக் வெட்டியிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் எடுத்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பதினொண்ணு புள்ளி ரெண்டும்மா," என்று தெளிவாகச் சொன்னார். சொல்லி முடித்த கையோடு, கைப்பேசியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.