ஏலத்துக்கு வந்த பாகற்காய்

ஷார்ஜாவில் மீன் வாங்க வாயே திறக்க வேண்டாம் என்றால் ஊரில் இருப்பவர்களுக்கு நம்பச் சிரமமாக இருக்கும். எங்கள் தெருவின் பெரிய கடையில் டோக்கனைக் கிழித்துக்கொண்டு நின்றால் போதும். எண் வரும், மீன் வரும். என் அறைத்தோழன் சூசைக்கு இது பொறுக்காது. அவன் குளச்சல்காரன், அப்பா துறைமுகத்தில் மீன் ஏலம் விளிப்பவர். "சத்தமில்லாம வாங்குன மீனுக்கு என்ன ருசி மக்கா இருக்கும்?" என்பான். நான் பூதப்பாண்டிப் பக்கத்து நெல்வயல் கிராமத்துச் சைவன். அவனுக்குத் துணையாகப் போய் நிற்பதோடு சரி.

கொரோனா ஊரடங்கில் நாங்கள் நான்கு பேர் ஒரே அறையில் அடைபட்டோம். ஊரில் அம்மாவுக்குக் காய்ச்சல்; போக விமானம் இல்லை. எனக்கு நெஞ்சு படபடத்தது, மூச்சு முட்டியது. நோய்தான் என்று நம்பினேன். பரிசோதனையில் ஒன்றுமில்லை. பதற்றமும் மனச்சோர்வும் என்று சொல்லி மருத்துவர் மாத்திரை தந்தார். அம்மா தேறிய பிறகும் நான் தேறவில்லை. பேச்சு நின்றது, சாப்பாடு இறங்கவில்லை. இப்படியே போய்விடுவேனோ என்று போர்வைக்குள் கிடந்து பயந்தேன். சம்பளம் வந்துகொண்டிருந்தது, காப்பீடு இருந்தது, படிப்பும் இருந்தது. ஆபத்துக்கு உதவும் என்று சேர்த்த எதுவும் என்னை எழுப்பி உட்கார வைக்கவில்லை.

சூசையிடம் இருந்தது நல்ல தொண்டை. ஒரு மாலை, சமையலுக்கு வைத்திருந்த பாகற்காயைத் தூக்கிப் பிடித்து என் கட்டிலருகே ஏலம் விளிக்க ஆரம்பித்தான். "நெய்மீனு! இப்பம் கரைக்கு வந்த நெய்மீனு!" விலை கூடிய வஞ்சிரத்துக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. மற்ற இருவரும் சிரித்துக்கொண்டே விலையைக் கூட்டினார்கள். தினமும் இதே கூத்து. எனக்கு எரிச்சலாக வந்தது, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். ஒருநாள் அந்த இருவரும் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டார்கள்.

"லேய், முழு நெய்மீனு அம்பது ரூவாய்க்குப் போவுது! கேக்க ஆளில்லியா?"

அநியாயம்! "நூறுலே!" என்று போர்வைக்குள்ளிருந்து கத்திவிட்டேன்.

"சைவப் பிள்ளைக்கு நெய்மீனா!" சூசை கட்டிலில் ஏறிக் குதித்தான். நான் சிரித்தேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

கட்டடத்தின் எகிப்துக்காரக் காவலாளி சண்டை என்று நினைத்து ஓடிவந்து, "முஷ்கில்?" என்றார், பிரச்சினையா என்று. "மாஃபி முஷ்கில், பிஷ்!" என்று சூசை பாகற்காயைக் காட்டினான், பிரச்சினை இல்லை, மீன்தான் என்று. எங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்திருப்பார். ஆனால் விளக்கிச் சொன்ன பிறகு, தினமும் மாலையில் முகக்கவசத்தோடு வாசலுக்கு வெளியே தள்ளி நின்று அவரும் விலை கேட்டார். "கம்ஸீன்!" ஐம்பது. அதற்கு மேல் ஒரு காசு ஏறமாட்டார்.

மாத்திரையை நான் விடவில்லை. மருத்துவர் சொன்ன பிறகுதான் குறைத்தேன். அதைப் போட எழுந்து உட்கார வைத்தது அந்த ஏலம். நெருக்கடி நால்வருக்கும் ஒன்றுதான், பிடித்துக்கொள்ள அவரவரிடம் இருந்தது வேறு. சூசை தன்னுடையதில் எனக்கும் பங்கு தந்தான்.

போன விடுமுறையில் அவனோடு குளச்சல் போனேன். அவன் அப்பா ஒரு நிஜ நெய்மீனைக் காட்டி விளித்தார். என்னை அறியாமல் கை உயர்ந்தது: "கம்ஸீன்!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. "இவன் எந்த ஊருக்காரன்லே?" என்று அவர் மகனிடம் கேட்டார். நான் கடலுக்கு முதுகைக் காட்டி, கூட்டத்துக்கு வெளியே தள்ளி நிற்கும் அந்தக் காவலாளியின் முகக்கவசத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.