சிஎன்ஜி காரில் சக்கர நாற்காலியோடு அடையாறு வரை

முதுகுத்தண்டில் அடிபட்ட பிறகு எனக்கு நடை கிடையாது. மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு வாரம் மூன்று முறை பிசியோதெரபி. எங்கள் பழைய பெட்ரோல் கார் உயிரை விடப்போகிறது. வண்டி இல்லையென்றால் நான் வீட்டுக்குள்தான்.

பிளக்-இன் ஹைப்ரிட்மேல்தான் முதலில் கண். பக்கத்து ஓட்டத்துக்கு மின்சாரம், தூரத்துக்குப் பெட்ரோல். ஆனால் இங்கே விற்பதெல்லாம் சொகுசுக் கார்கள். அந்தக் காசுக்கு நங்கநல்லூரில் ஃபிளாட்டே வாங்கலாம். முழு எலெக்ட்ரிக் என்றால் பார்க்கிங்கில் சார்ஜர் வைக்க வேண்டும். தீப்பிடிக்கும் என்று எங்கள் குடியிருப்புச் சங்கம் மறுத்துவிட்டது. மிச்சம் சிஎன்ஜி, சிலிண்டரில் அடைத்த இயற்கை எரிவாயு. கிலோவுக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடுமாம். என் கணவர் முரளி போன வாரம் நண்பரின் காரை ஒருநாள் இரவல் வாங்கிவந்தார். சிகிச்சை முடிந்ததும் தி.நகரில் புடவை என்று ஆசை வேறு காட்டினார்.

காலை ஒன்பது மணிக்கு டிக்கியைத் திறந்தால் உள்ளே சிலிண்டர் படுத்திருக்கிறது. நாற்காலியைப் பின் சீட்டில் திணித்தோம். ஐந்து கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம். வழியெல்லாம் மெட்ரோ பள்ளம். சிகிச்சை முடிந்து வந்து பார்த்தால் கேஸ் தீரப்போகிறது. பெட்ரோலிலும் ஓடும்தான், அதற்கு இந்த வண்டி எதற்கு? கேஸ் பங்கில் அரைமணி நேரம் வரிசை. எங்கள் முறை வந்ததும் ஊழியர் கண்ணாடியைத் தட்டினார்.

"எறங்கிக்கோம்மா. ஆளு உள்ள கீறப்போ கேஸ் அடிக்கக் கூடாது."

"அவங்களால நடக்க முடியாதுப்பா," என்றார் முரளி.

"இன்னா சார் பண்றது? எல்லாருக்கும் ஒரே ரூல்ஸ்தான்."

அவர்மேல் தப்பில்லை. முரளி நாற்காலியை இழுத்து விரித்து, என்னைத் தூக்கி உட்கார வைத்தார். பின்னால் ஒரே ஹாரன். கேஸ் நிரம்ப ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் இறங்கி ஏறத்தான் நேரம் பிடித்தது. அத்தனை பேர் பார்க்க வெயிலில் உட்கார்ந்திருந்தது அவமானமாக இருந்தது.

"தி.நகர் போலாமா?" என்றார் முரளி.

"இன்னொரு தடவ எறங்கி ஏற எனக்குத் தெம்பில்லங்க. வீட்டுக்கே போயிடலாம்."

சிஎன்ஜி வாங்க நினைப்பவர்களுக்கு: காசு மிச்சமாவது உண்மைதான். சிலிண்டரை அடியில் பொருத்தி டிக்கியில் இடம் விடும் கார்களும் வந்துவிட்டன. ஆனால் எந்தக் காரானாலும் பங்கில் இறங்கித்தான் ஆக வேண்டும். வீட்டில் முடியாதவர் இருந்தால் ஒருமுறை அந்த வரிசையில் அவரோடு நின்று பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

சிஎன்ஜி எனக்கு ஒத்துவராது என்றானதும் மறுபடி எலெக்ட்ரிக் பக்கம் திரும்பினோம். ஞாயிற்றுக்கிழமை சார்ஜர் விஷயம் பேச நானே சங்கக் கூட்டத்துக்குப் போகலாம் என்றால், கூட்டம் மொட்டைமாடியில். லிஃப்ட் அதுவரை போகாது. கீழே வந்து பேசுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டுப் பார்க்கிங்கிலேயே உட்கார்ந்திருந்தேன். கால்மணி நேரம் கழித்து ஒவ்வொருவராக வந்தார்கள். இன்னும் எதுவும் முடிவாகவில்லை. ஆனால் இந்த முறை இறங்கியது நான் இல்லை.